வைட்ஹார்ஸ் குன்றுக் கற்பதுக்கை

வைட்ஹார்ஸ் குன்றுக் கற்பதுக்கை, இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் மாவட்டத்தைச் சேர்ந்த டார்ட்மூர் மேட்டுநிலத்தில் கண்டறியப்பட்ட வெண்கலக் கால ஈமச்சின்னம் ஆகும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில், சாலையோ வீடோ மரமோ இல்லாத திறந்த வெளியில், ஒரு சிறிய மண்மேட்டுக்குள் இது அமைந்திருந்தது. 2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அகழப்பட்டபோது, எரியூட்டப்பட்ட ஓர் இளவயதினரின் எலும்புகளும், அவரோடு வைக்கப்பட்ட கூடை, தோல், துணி, மர அணிகள், மணிகள் ஆகியவையும் உள்ளே இருந்தன. கரிமக் காலக்கணிப்பின்படி இந்த அடக்கம் கி.மு. 1730க்கும் 1600க்கும் இடையில் நடந்தது. பிரிட்டனின் தொல்லியலில் கடந்த நூறாண்டுகளின் முதன்மையான கண்டுபிடிப்புகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

கல்லும் பொன்னும் பல ஆயிரம் ஆண்டுகள் தாங்கும். துணியும் நாரும் மயிரும் தாங்குவதில்லை. ஆகவே பழங்கால மனிதரைப் பற்றி நாம் அறிந்தவை பெரும்பாலும் கெடாத பொருட்களை வைத்து அறிந்தவையே. கெட்டுப்போகக்கூடிய பொருட்கள் கெடாமல் கிடைத்தன என்பதே இந்தப் பதுக்கையின் சிறப்பு.

சொல் விளக்கம்

நான்கு புறமும் பலகைக் கற்களை நட்டு, மேலே ஒரு மூடுகல்லை இட்டு அமைக்கும் பெட்டி போன்ற கல்லறையைத் தமிழில் கற்பதுக்கை என்பர். டார்ட்மூர் பகுதியில் இதற்குக் 'கிஸ்ட்வேன்' என்று பெயர். கல்லால் ஆன பெட்டி என்பதே அந்தப் பழைய கெல்டிய மொழிச் சொல்லின் பொருளும். பெயரும் வடிவும் ஒத்திருப்பதைக் கொண்டு இவற்றையும் தமிழகத்துப் பெருங்கற்காலப் பதுக்கைகளையும் தொடர்புபடுத்திவிடக் கூடாது. இரண்டும் வெவ்வேறு காலத்தவை, வெவ்வேறு மக்களுடையவை. இறந்தவரைக் கல்லால் காக்க வேண்டும் என்ற எண்ணம் உலகின் பல பகுதிகளில் தனித்தனியே தோன்றியது என்று கொள்வதே பொருத்தம்.

டார்ட்மூர் நிலம்

டார்ட்மூர், சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கருங்கல் பாறையால் ஆன மேட்டுநிலம். 1951ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பூங்காவின் பரப்பு 954 சதுர கிலோமீட்டர். இதன் மிக உயர்ந்த முகடான ஹை வில்ஹேஸ் 621 மீட்டர் உயரமுடையது. குன்றுகளின் உச்சியில் அடுக்கி வைத்தாற்போல் நிற்கும் பாறைக் குவியல்களை அங்குள்ளோர் 'டார்' என்பர். தமிழ் வாசகர் பலருக்கு இந்த நிலம் பெயரளவில் பழக்கமானதுதான். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் புகழ்பெற்ற 'பாஸ்கர்வில்ஸ் வேட்டை நாய்' நாவலின் களம் இதுவே.

வைட்ஹார்ஸ் குன்று, டார்ட்மூரின் வடபாதியில் மிகத் தனித்த பகுதியில் உள்ளது. டீன், டார்ட், டா, ஓக்மெண்ட் ஆகிய ஆறுகள் இதைச் சுற்றிய சதுப்பு நிலத்தில் ஊற்றெடுக்கின்றன. உச்சியில் பாறை இல்லை. புல்லும் கரிய மண்ணும் மட்டுமே உண்டு. இந்தக் கரிய மண்ணின் தன்மையைத் தெரிந்துகொண்டால்தான் கற்பதுக்கையின் கதை விளங்கும்.

பீட் மண்

குளிரும் மழையும் மிகுந்த உயர்நிலங்களில் நீர் வடியாமல் தேங்குகிறது. அங்கே மடியும் செடிகள் முழுமையாக மக்குவதில்லை. பாதி மக்கிய நிலையிலேயே அடுக்கடுக்காகப் படிந்து, கடற்பஞ்சைப் போல நீரை உறிஞ்சி வைத்திருக்கும் மண்ணாகின்றன. இதற்குப் பீட் மண் என்று பெயர். நல்ல சூழலில்கூட இது ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். ஒரு மீட்டர் ஆழமுள்ள பீட் படிவைக் காண்பவர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளின் செடிகொடிகளைக் காண்கிறார் எனலாம்.

பீட் மண்ணில் இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, அதில் அமிலம் மிகுதி. மற்றொன்று, நீர் நிறைந்திருக்கும்வரை அதற்குள் காற்று புகாது. காற்று இல்லாத இடத்தில், பொருட்களை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செயல்பட முடியாது. அதனால் மரம், தோல், மயிர் போன்றவை பல நூற்றாண்டுகள் காக்கப்படுகின்றன. அதே மண்ணின் அமிலம் எரிக்கப்படாத எலும்பைக் கரைத்துவிடும். எரிக்கப்பட்ட எலும்பு மட்டுமே தாங்கும். பீட் உலர்ந்துபோனால் இந்தக் காப்பு முழுவதும் நீங்கிவிடும். காற்று உள்ளே புகும். மூவாயிரம் ஆண்டுகள் நிலைத்திருந்தது சில பத்தாண்டுகளில் மக்கிப்போகும்.

டார்ட்மூரின் பதுக்கைகளும் புதையல் தேடியோரும்

டார்ட்மூரில் ஏறத்தாழ 200 கற்பதுக்கைகள் கண்டறியப்பட்டுள்ளன. பலவற்றைச் சுற்றிக் கற்குவையோ கல்வட்டமோ இருக்கிறது. கல்வரிசைகள், வட்ட வடிவக் குடிசைகளின் அடித்தளங்கள், வயல்களைப் பிரித்த நீண்ட கற்சுவர்கள் ஆகியவையும் இந்நிலம் முழுவதும் பரவியுள்ளன. 24 குடிசைகளின் அடித்தளங்களைச் சுற்றுமதிலோடு காட்டும் கிரிம்ஸ்பவுண்ட் என்னும் குடியிருப்பு அவற்றுள் புகழ்பெற்றது. இன்று வெறுமையாகத் தெரியும் மேட்டுநிலம் ஒருகாலத்தில் மக்கள் வாழ்ந்து, கால்நடை மேய்த்து, இறந்தவரை அடக்கம் செய்த நாடாக இருந்தது.

பதுக்கைகள் கண்டறியப்பட்டன என்பதால் அவற்றுள் இருந்தவையும் கிடைத்தன என்று எண்ணிவிடலாகாது. மிகப் பெரும்பாலானவை எப்போதோ திறக்கப்பட்டு வெறுமையாக இருந்தன. கற்பெட்டிக்குள் பொன் இருக்கும் என்ற நம்பிக்கை பல நூற்றாண்டுகளாக அங்கே நிலவியது. பிரின்ஸ்டவுன் ஊருக்கு அருகிலுள்ள ஒரு பதுக்கைக்கு இன்றும் 'பொற்பானை' என்றே பெயர். பொன் கிடைக்காதவர்கள் கல்லை எடுத்துச் சென்றார்கள். ஃபாக்ஸ் டார் அருகில் உள்ள 'சைல்டின் கல்லறை'யும் ஒரு பழைய பதுக்கையே. பனிப்புயலில் சிக்கிய சைல்ட் என்னும் வேட்டைக்காரர், குளிருக்கு அஞ்சித் தம் குதிரையைக் கொன்று அதன் வயிற்றுக்குள் ஒடுங்கியும் உயிர் பிழைக்கவில்லை என்பது அதைப் பற்றிய கதை. கதை எவ்வளவு பரவியிருந்தும் கல்லறை தப்பவில்லை. 1812இல் அருகில் வீடு கட்டியவர்கள் அதன் கற்களை எடுத்துக்கொண்டனர். இப்போது அங்கு நிற்பது பின்னர்ச் சீரமைக்கப்பட்ட அமைப்பு.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சபீன் பேரிங்-கூல்ட் முதலிய ஆர்வலர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, 1894 முதல் டார்ட்மூரின் தொல்லிடங்களை அகழ்ந்தனர். குடிசைகளும் கற்குவைகளும் பல திறக்கப்பட்டன. அக்காலத்து முறைகள் இன்றைய முறைகள் அல்ல. மண்ணிலிருந்த மகரந்தம், நார், கரி ஆகியவற்றின் பயன் அன்று யாருக்கும் தெரியாது. தோண்டியபோதே அந்தச் சான்றுகள் அழிந்தன. அதற்குப் பின் நூறாண்டுகளுக்கு மேலாக, உள்ளடக்கம் கலையாத ஒரு பதுக்கையை முறையாக அகழும் வாய்ப்பு டார்ட்மூரில் யாருக்கும் வாய்க்கவில்லை.

கண்டுபிடிப்பு

வைட்ஹார்ஸ் குன்றின் உச்சிப் பகுதியில் பீட் மண் பெருமளவு கரைந்துபோய், தீவுகளைப் போல ஆங்காங்கே சில மேடுகள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. அப்படிப்பட்ட ஒரு மேட்டின் பக்கவாட்டிலிருந்து ஒரு பலகைக்கல் சரிந்து வெளியே விழுந்தது. அது ஒரு கற்பதுக்கையின் முனைக்கல் என்பது பின்னர் தெரியவந்தது. அகழாய்வு நடப்பதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பே இது நிகழ்ந்தது.

இந்த இடத்தில் இதற்கு முன் எந்த ஈமச்சின்னமும் பதிவாகியிருக்கவில்லை. இவ்வளவு உயரத்தில், இவ்வளவு தனித்து ஒரு பதுக்கை இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பொதுவாகப் பதுக்கைகள் கற்குவையின் நடுவே இருக்கும். இங்கே அது பீட் மண்ணுக்குள் இருந்தது. கி.மு. 17ஆம் நூற்றாண்டு அளவிலேயே இந்தக் குன்றின்மேல் பீட் படிந்திருந்தது என்பதற்கு இதுவே சான்று. மேலே கற்குவை இல்லாததால்தான் புதையல் தேடியோர் கண்ணில் இது படாமல் தப்பியது என்றும் கருதலாம்.

அகழ்வதா, விடுவதா

தொல்லியலாளர் முன் ஒரு கேள்வி எழுந்தது. இங்கிலாந்தின் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டியலிடப்பட்ட சின்னங்களை அனுமதியின்றித் தொடக்கூடாது. அதோடு, நன்றாக இருக்கும் தொல்லிடத்தைத் தோண்டாமல் விடுவதே இன்றைய தொல்லியலின் அடிப்படை நெறி. ஓரிடத்தை ஒருமுறைதான் தோண்ட முடியும். தோண்டிய பின் அந்த இடம் ஏடுகளிலும் பெட்டிகளிலும் மட்டுமே இருக்கும். நாளை இன்னும் சிறந்த கருவிகளோடு வரும் ஆய்வாளருக்கு எதையும் விட்டுவைக்காமல் இன்றே எடுத்துவிடுவது முறையாகாது. அது ஒருவரது கல்லறை என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியது.

மறுபுறம், மேடு ஆண்டுதோறும் கரைந்துகொண்டிருந்தது. அதைக் காக்க எடுத்த முயற்சிகள் பலன் தரவில்லை. முனைக்கல் விழுந்த பக்கமாகக் காற்றும் வெயிலும் மழையும் உள்ளே புகத் தொடங்கின. அங்கு விட்டுவைப்பது என்றால் அழியவிடுவது என்றுதான் பொருள். இந்த நிலையில், டார்ட்மூர் தேசியப் பூங்கா ஆணையம் உரிய அனுமதி பெற்று மீட்பு அகழாய்வு நடத்த முடிவு செய்தது. ஆணையத்தின் தொல்லியலாளர் ஜேன் மார்ச்சண்ட் திட்டத்தை முன்னெடுத்தார். அகழாய்வை நடத்திய கார்ன்வால் தொல்லியல் குழுவுக்கு ஆண்டி ஜோன்ஸ் தலைமை வகித்தார்.

பெரிதாக எதுவும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு இந்த வேலை தொடங்கப்படவில்லை. அடக்கத்தின் காலத்தை அறிவதும், சுற்றியுள்ள பீட் மண்ணிலிருந்து அக்காலத்துச் செடிகொடிகளைப் பற்றித் தெரிந்துகொள்வதும்தான் முதன்மை நோக்கமாக இருந்தன.

அகழாய்வும் ஆய்வகமும்

2011 ஆகஸ்டில் மூடுகல் அகற்றப்பட்டபோது, பதுக்கையின் தரையில் நீர் ஊறிய கரிய திரள் ஒன்று கிடந்தது. அதில் நாரும் மயிரும் தெரிந்தன. அதைக் குன்றின்மேலேயே பிரித்துப் பார்த்திருந்தால், காற்று பட்டதும் பல பொருட்கள் சிதைந்திருக்கும். ஆகவே அந்தத் திரளை அடிமண்ணோடு ஒரே கட்டியாகப் பெயர்த்து எடுத்தார்கள். வில்ட்ஷைர் மாவட்டத்தின் சிப்பன்ஹாம் நகரிலுள்ள பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அது கொண்டுசெல்லப்பட்டது. உண்மையான அகழாய்வு அங்கே, ஈரம் காயாமல், சிறு தூரிகைகளோடும் மென்மையான கருவிகளோடும் பல மாதங்கள் நடந்தது. ஒரு மணியையோ ஒரு நாரையோ எடுப்பதற்கு முன் அது இருந்த நிலை பதிவு செய்யப்பட்டது.

ஒரே துறையினரால் முடியக்கூடிய வேலை அல்ல இது. எலும்பு, மகரந்தம், தோல், துணி, மரம், உலோகம், மணி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வல்லுநர்கள் தேவைப்பட்டனர். முழு அறிக்கை 2016இல் ஆண்டி ஜோன்ஸ் எழுதித் தொகுத்த நூலாக வெளிவந்தது.

பதுக்கைக்குள் இருந்தவை

அடியில் மோலினியா என்னும் மேட்டுநிலப் புல்லால் ஆன விரிப்பு இருந்தது. அதன்மேல் எரிந்த எலும்புகள் ஒரு விலங்கின் தோலில் பொதியப்பட்டு வைக்கப்பட்டிருந்தன. அது கரடித்தோல் என்று ஆய்வில் தெரிந்தது. தோலைப் பிணைக்கச் செம்புக் கலவையால் ஆன ஊசி ஒன்று பயன்பட்டிருந்தது.

அதோடு ஒரு சிறு கூடை இருந்தது. அது லைம் மரத்தின் உட்பட்டை நாரால் செய்யப்பட்டது. இந்த லைம், எலுமிச்சை இனம் அன்று. லிண்டன் என்றும் அழைக்கப்படும் ஐரோப்பியக் காட்டு மரம். நாரைச் சுருளாகச் சுற்றி, மாட்டு மயிரால் தைத்துக் கூடை முடையப்பட்டிருந்தது. அதற்குள் மணிகளும் மரத்தோடுகளும் ஒரு தீக்கற் சில்லும் இருந்தன.

மணிகள் 200க்கும் மேற்பட்டவை. பெரும்பாலானவை களிமண்ணாலும், ஷேல் என்னும் கரிய படிவுப்பாறையாலும் ஆனவை. ஏழு மணிகள் அம்பரால் ஆனவை. ஒரு பெரிய மணி வெள்ளீயத்தால் ஆனது. டார்ட்மூரில் இதற்கு முன் மிகச் சில மணிகளே கிடைத்திருந்தன. தென்மேற்கு இங்கிலாந்திலும் இக்காலத்தைச் சேர்ந்த ஒரே அடக்கத்தில் இத்தனை மணிகள் கிடைத்ததில்லை.

மரத்தோடுகள் இரண்டு இணைகள். ஒன்று பெரிது, மற்றது சிறிது. ஸ்பிண்டில் என்னும் மரத்தில் கடைந்து செய்யப்பட்டவை. பிரிட்டனில் மரக்கடைசலுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் இவை அடங்கும். காதுமடலின் துளையைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்கி அணியும் தோடு வகை இது. அணிந்தவர் சிறுவயது முதலே காதை அதற்குப் பழக்கியிருக்க வேண்டும்.

மாட்டு மயிரைப் பின்னிச் செய்த கைப்பட்டை ஒன்றும் கிடைத்தது. அதில் முப்பதுக்கும் மேற்பட்ட சிறு வெள்ளீயக் குமிழ்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. இன்று மங்கியிருக்கும் அந்தக் குமிழ்கள் புதிதாக இருந்தபோது கரிய மயிரின்மேல் வெள்ளி போல மின்னியிருக்கும்.

எல்லாவற்றிலும் அரிய பொருள், துணியும் தோலும் சேர்த்துச் செய்த ஓர் இடைக்கச்சை போன்ற பட்டை. அதன் துணி நெட்டில் செடியின் நாரால் நெய்யப்பட்டது. நெட்டில், நம் காஞ்சொறியைப் போலத் தொட்டால் அரிக்கும் செடி. அதன் தண்டை ஊறவைத்து நார் பிரித்துத் திரித்தால் மென்மையான நூல் கிடைக்கும். துணியின் ஓரங்களில் கன்றுத்தோலை முக்கோணங்களாக வெட்டி, நுண்ணிய தையலால் இணைத்திருந்தார்கள். இதற்கு ஒப்பான பொருள் வேறெங்கும் கிடைத்ததில்லை.

புதைக்கப்பட்டவர்

எலும்பு ஆய்வின்படி இறந்தவரின் வயது 15 முதல் 25க்குள் இருக்கும். பெண்ணாக இருக்கக்கூடும் என்று எலும்புகளின் அளவைக்கொண்டு கருதுகின்றனர். எரிந்த எலும்பில் இதை உறுதிசெய்வது கடினம். இறப்பின் காரணமும் தெரியவில்லை.

மணிகளும் கூடையும் தோடும் எரியவில்லை என்பது முக்கியமான செய்தி. அம்பர் தீயில் எரிந்துவிடும். வெள்ளீயம் சிறு சூட்டிலேயே உருகும். எனவே அணிகளோடு உடல் எரிக்கப்படவில்லை. எரியூட்டிய பின் எலும்பைப் பொறுக்கியெடுத்துத் தோலில் பொதிந்து, அணிகளைத் தனியே கூடையில் இட்டு, இரண்டையும் குன்றின் உச்சிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்கள் வாழ்ந்த இடத்திலிருந்து இது எளிய ஏற்றமாக இருந்திராது. பதுக்கைக் கற்களையும் கொண்டுவர வேண்டும். அவ்வளவு பாடுபட்டது, இறந்தவரை அவர்கள் எவ்வளவு மதித்தார்கள் என்பதைச் சொல்கிறது.

இத்தனை அணிகளைக் கண்டதும் 'இளவரசி' என்று அழைக்கத் தோன்றலாம். அதற்குச் சான்று இல்லை. அக்காலத்தில் அரசு என்ற அமைப்பு அங்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவர் செல்வக் குடும்பத்தவராகவோ சடங்குகளில் சிறப்பிடம் பெற்றவராகவோ இருந்திருக்கலாம். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. மற்றப் பதுக்கைகளிலும் இவை போன்ற கூடையும் துணியும் இருந்து மக்கிப்போயிருக்கலாம். அப்படியானால் வைட்ஹார்ஸ் குன்றில் அடங்கியவர் தனிச்சிறப்பு உடையவர் அல்லர். அவரது கல்லறை மட்டுமே நல்ல நிலையில் தப்பியது. இரண்டில் எது உண்மை என்பதை ஒரே ஒரு கல்லறையை வைத்து முடிவு செய்ய முடியாது.

வெள்ளீயம் சொல்லும் செய்தி

வெண்கலம், ஏறத்தாழ ஒன்பது பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவை. ஐரோப்பாவில் செம்பு பல இடங்களில் கிடைக்கும். வெள்ளீயம் சில இடங்களில்தான் உண்டு. கார்ன்வாலும் டார்ட்மூரும் அவற்றுள் முக்கியமானவை. டார்ட்மூரின் ஓடைப் படுகைகளில் வெள்ளீயத் தாது கற்களோடு கலந்து கிடக்கும். இடைக்காலத்தில் அதை அலசி எடுப்பதே அங்கு பெருந்தொழில். ஆஷ்பர்ட்டன், சாக்ஃபோர்ட், டாவிஸ்டாக், பிளிம்ப்டன் ஆகிய ஊர்களில் வெள்ளீயத்தை எடைபோட்டு வரி விதித்து முத்திரையிட்டனர்.

வெண்கலக் காலத்திலேயே டார்ட்மூர் மக்கள் வெள்ளீயத்தை எடுத்தார்களா என்பது நெடுங்காலமாக விடை காணாத கேள்வி. இடைக்காலத் தொழிலாளர்கள் அதே ஓடைகளைப் புரட்டிப்போட்டதால் அதற்கு முந்தைய தடயங்கள் இருந்திருந்தாலும் அழிந்திருக்கும். இந்தப் பின்னணியில்தான் வைட்ஹார்ஸ் குன்றின் வெள்ளீய மணியும் குமிழ்களும் முக்கியமாகின்றன. வெள்ளீயம் வெறும் மண்ணில் எளிதில் சிதைந்து பொடியாகும் என்பதால், இத்தகைய பொருட்கள் கிடைப்பதே அரிது. இவை அந்த நிலத்து ஓடையிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று எண்ண இடமுண்டு.

அம்பர் பால்டிக் கடற்பகுதியைச் சேர்ந்தது. வட ஐரோப்பாவிலிருந்து கைமாறிக் கைமாறி வந்திருக்க வேண்டும். ஷேல், டார்செட் மாவட்டத்தின் கிம்மரிட்ஜ் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. ஆளில்லாக் குன்றின்மேல் கிடந்த ஒரு சிறு கூடைக்குள் கடல் கடந்த பொருளும், அயல் மாவட்டத்துப் பொருளும், உள்ளூர்ப் பொருளும் ஒன்றாக இருந்தன. இன்று ஒதுக்குப்புறமாகத் தெரியும் இந்த நிலம் அன்று வாணிகத் தொடர்புகளுக்கு அப்பாற்பட்டதாக இருக்கவில்லை.

செல்லும் வழி

வைட்ஹார்ஸ் குன்றுக்கு வாகனப் பாதை கிடையாது. நடந்துதான் போக வேண்டும். டார்ட்மூர் பொதுநிலங்களில் நடந்து செல்லும் உரிமையை 1985ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோருக்கும் வழங்கியுள்ளது. கிழக்கிலிருந்து செல்பவர்கள் பெரும்பாலும் ஃபெர்ன்வர்தி நீர்த்தேக்கத்திலிருந்து புறப்படுகிறார்கள். தேக்கத்தை அடுத்த ஊசியிலை மரத் தோட்டத்துக்குள் ஒரு வெண்கலக் காலக் கல்வட்டம் உள்ளது. தோட்டத்தைக் கடந்தால் திறந்த வெளி. வட டீன் ஆற்றின் குறுக்கே பெரிய பலகைக் கற்களைப் பரப்பிக் கட்டிய பழைய பாலமும், அதையடுத்து டீன்ஹெட் பண்ணை வீட்டின் இடிபாடும் வரும். 18ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்தப் பண்ணையில் இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை மக்கள் குடியிருந்தனர். அதற்கு மேல் மனித வாசம் இல்லை. மேய்ச்சல் குதிரைகளும் ஆடுகளும் மட்டும் உண்டு.

அங்கிருந்து குன்றை நோக்கிய ஏற்றம் செங்குத்தானதல்ல. ஆயினும் தரை கடினமானது. புற்கொத்துகள் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். இடையிடையே பீட் மண் நீரால் அறுக்கப்பட்டுப் பள்ளங்களாகிக் கிடக்கும். பச்சைப் பாய் விரித்தாற்போல் தெரியும் சில இடங்கள் உண்மையில் ஆழமான சேறு. அவற்றை உள்ளூர் மக்கள் 'இறகு மெத்தை' என்பர். இந்தச் சதுப்பைக் கடக்க வழி இல்லாததால், 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓக்ஹாம்ப்டனைச் சேர்ந்த ஃபிராங்க் ஃபில்பாட்ஸ் என்பவர் வடபகுதியில் பல இடங்களில் பீட் மண்ணை வெட்டி, கால்நடைகளும் குதிரைகளும் போகப் பாதை அமைத்தார். 1909இல் அவர் மறைந்த பின் உறவினர் அவர் நினைவாகப் பாதை முனைகளில் கல் நட்டனர்.

செல்பவர் இரண்டை மறக்கக்கூடாது. முதலாவது, இந்தக் குன்று ஓக்ஹாம்ப்டன் இராணுவப் பயிற்சிக் களத்துக்குள் அடங்கியது. துப்பாக்கிப் பயிற்சி நடக்கும் நாளில் எல்லைக் கம்பங்களில் செங்கொடி ஏற்றப்படும். அன்று உள்ளே நுழையக் கூடாது. பயிற்சி நாட்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. தரையில் கிடக்கும் உலோகப் பொருள் எதையும் தொடக்கூடாது. இரண்டாவது, மூடுபனி. தெளிந்த வானம் சிறிது நேரத்தில் மறைந்து, பத்தடி தொலைவுகூடத் தெரியாமல் போகும். வரைபடமும் திசைகாட்டியும் அவற்றைப் பயன்படுத்தும் பழக்கமும் இல்லாதவர் தனியே செல்லலாகாது.

உச்சியை அடைபவர் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கரைந்த கரிய தரை, அதன் நடுவே எஞ்சிய சில மேடுகள், எல்லாத் திசைகளிலும் வானம் தொடும் புல்வெளி, ஓயாத காற்று. ஆனால் அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை ஓரளவு உணர அங்கு நின்று பார்க்க வேண்டும். வட டார்ட்மூரின் பெரும்பகுதி அங்கிருந்து தெரியும். பல ஆறுகள் பிறக்கும் நிலம் அது.

இன்றைய நிலை

மீட்கப்பட்ட பொருட்கள் 2014 செப்டம்பரில் பிளிமத் நகர அருங்காட்சியகத்தில் முதன்முறையாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்த அருங்காட்சியகம் விரிவாக்கப்பட்டு 2020 முதல் 'தி பாக்ஸ்' என்ற பெயரில் இயங்குகிறது. பொருட்கள் அதன் பொறுப்பில் உள்ளன. கைவினைஞர்கள் சிலர் பழைய முறைகளைப் பின்பற்றி இவற்றின் மாதிரிகளைச் செய்தனர். நெட்டில் நாரைத் திரிப்பது, வெள்ளீயக் குமிழை மயிர்ப் பின்னலில் பதிப்பது ஆகியவற்றுக்கு எவ்வளவு திறமையும் நேரமும் வேண்டும் என்பது செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

கற்பதுக்கையின் கதை இதோடு முடிந்துவிட்டது. பீட் மண்ணின் கதை முடியவில்லை. தீ, அளவுக்கு மிஞ்சிய மேய்ச்சல், பீட் வெட்டுதல், வெடிகுண்டுப் பள்ளங்கள், வறண்ட கோடை எனப் பல காரணங்களால் டார்ட்மூரின் பீட் படிவு பல இடங்களில் கரைந்துவருகிறது. நீர் வடிந்தோடும் பள்ளங்களைக் குறுக்கே அடைத்து, நிலத்தை மீண்டும் ஈரமாக்கும் பணி இப்போது நடைபெறுகிறது. குடிநீரையும் காற்றுமண்டலத்தின் கரியையும் கருதித்தான் அப்பணி பெரும்பாலும் பேசப்படுகிறது. மண்ணுக்குள் இன்னும் காணப்படாமல் இருக்கும் கல்லறைகளுக்கும் அதுவே காப்பு. வைட்ஹார்ஸ் குன்றில் ஒரு கல் சரிந்து விழுந்ததால் ஒரு பதுக்கை கண்ணில் பட்டது. கண்ணில் படாமல் உலர்ந்துபோகும் பதுக்கைகள் எத்தனை என்பதை எண்ணிச் சொல்ல வழியில்லை.